அடிக்குறிப்பில் இருந்தவள்

நான் தமிழ் படித்தவள். சமூகவியலை முறையாகக் கற்றதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் ‘சமூகவியல் அறிமுகம்’ என்ற துணைப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்த கௌரவ விரிவுரையாளர் பருவத்தின் பாதியில் விலகிப் போய்விட்டார். தேர்வுக்கு எட்டு வாரம் இருந்தது. தமிழ்வழி வகுப்பு. “பாடக் குறிப்பு இருக்கு, நீங்க வாசிச்சு விளக்கினாப் போதும்” என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தார்கள். யாரோ ஆங்கிலப் பாடநூல் ஒன்றிலிருந்து தமிழாக்கித் தட்டச்சு செய்தது. படியெடுத்துப் படியெடுத்து எழுத்து மங்கிப்போன நாற்பது பக்கம். அதில் சமூகம், குழு, தகுதிநிலை, பங்கு, சமூகமயமாதல், குடும்பம், சாதி, சமூக மாற்றம் என்று எல்லாமே இலக்கண நூற்பாவைப் போல வரையறை வரையறையாக இருந்தன. இலக்கணம் நடத்திப் பழகியவளுக்கு அது சுலபமாகவே தெரிந்தது.

டர்க்ஹைம் பாடத்தை நடத்திய அன்று அந்தச் சுலபம் போய்விட்டது. எமில் டர்க்ஹைம் 1897இல் வெளியிட்ட ‘தற்கொலை’ என்ற நூல் எல்லா அறிமுகப் பாடத்திலும் வரும். மனிதர் தனியாக எடுக்கும் முடிவுகளிலேயே மிகத் தனிப்பட்டது என்று நாம் நினைப்பதைக்கூடச் சமூகத்தைக் கொண்டுதான் விளக்க முடியும் என்று காட்டிய நூல் அது. எங்கள் குறிப்பில் அது ஒரு பக்கத்துக்குச் சுருங்கியிருந்தது. தற்கொலை மூன்று வகைப்படும்: தன்னலத் தற்கொலை, பிறர்நலத் தற்கொலை, நெறியின்மைத் தற்கொலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு. நான் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு எழுதினேன்.

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

“அம்மா, கல்யாணமாகி ஏழெட்டு வருசமா குழந்தையில்லாம இருந்து, அந்தப் பேச்சு தாங்காம ஒருத்தங்க செத்துப்போனா அது எந்த வகை?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கும் புரிந்தது, மற்றவர்களுக்கும் புரிந்தது. நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். தன்னலம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறர்நலமும் இல்லை. நெறியின்மை என்றால் கட்டுப்பாடு தளர்ந்த நிலை. அவள் சொல்லும் வீட்டில் கட்டுப்பாடு எங்கே தளர்ந்தது? “அது பாடத்தில் இல்லம்மா. தேர்வுக்கு இந்த மூன்றும் போதும்” என்று சொன்னேன். அவள் உட்கார்ந்து அந்த மூன்றையும் எழுதிக்கொண்டாள்.

அவள் படிப்பு முடிந்து போன பிறகு, வேறொரு கட்டுரைக்காக டர்க்ஹைமின் நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் முழுதாகப் படித்தேன். நெறியின்மைத் தற்கொலை பற்றிய இயலின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. நெறியின்மைக்கு நேர் எதிரான நான்காவது வகை ஒன்றும் உண்டு. அளவுமீறிய ஒழுங்கினால், எதிர்காலம் இரக்கமின்றி அடைக்கப்பட்டவர்கள் செய்துகொள்ளும் தற்கொலை அது என்கிறார். எடுத்துக்காட்டாக, மிக இளவயதில் மணம் செய்துகொண்ட கணவர்களையும் குழந்தையில்லாத மனைவியையும் சொல்கிறார். கூடவே அடிமைகளின் தற்கொலையையும் நினைவூட்டுகிறார். ஆனால் இன்றைக்கு இதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை, எடுத்துக்காட்டுகளும் அரிது, எனவே இதில் நின்று பேச வேண்டியதில்லை என்று முடித்துவிடுகிறார்.

என் மாணவி கேட்டதற்கு 1897லேயே விடை எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவரே முக்கியமில்லை என்று அடியில் தள்ளினார். பாடநூல்காரர்கள் பலர் அதை ஒற்றை வரியாக்கினார்கள். எங்கள் குறிப்பைத் தயாரித்தவர் அந்த வரியையும் விட்டுவிட்டார். கடைசியாக நான், பாடத்தில் இல்லை என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். சமூகவியலின் அடிப்படைக் கருத்தாக்கங்களை ஒரு பெண்ணாக மறுபடி வாசிக்கத் தொடங்கியது இந்தக் குற்ற உணர்விலிருந்துதான்.

அந்த நான்காவது வகையைத் தமிழில் ‘விதிவழித் தற்கொலை’ என்று சொல்வதுண்டு. ஆங்கிலச் சொல் தலைவிதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘விதி’ என்பதற்கு ஊழ் என்றும் பொருள், சட்டம் என்றும் பொருள். சாவு வீட்டில் “அவ விதி” என்று சொல்வார்கள். அந்த வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் விதி என்பது விதிகள் என்று தெரிந்துவிடும்: வளைகாப்புக்கு வரக்கூடாது, புதுப்பெண்ணுக்கு முதலில் பொட்டு வைக்கக் கூடாது, பிறந்த குழந்தையைத் தூக்கக் கூடாது. ‘மலடி’ என்ற சொல் தெருவில் புழங்குகிறது. ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் பத்திரமாக இருக்கிறது. ஆணை விதையாகவும் பெண்ணை நிலமாகவும் பேசும் உவமை நம் சமூகத்தில் என்னென்ன வேலை செய்கிறது என்று மானுடவியலாளர் லீலா துபே விரிவாக எழுதியிருக்கிறார். விளைந்தால் பயிர் விதைக்காரனுடையது. விளையாவிட்டால் பழி நிலத்துக்கு. அளவுமீறிய ஒழுங்கு என்று டர்க்ஹைம் குறிப்பிட்டதற்கு நம் ஊரில் எடுத்துக்காட்டு அரிதா?

அவருடைய கணக்கே இதைச் சொல்லியிருந்தது என்பதுதான் வேதனை. பிரான்சில் குழந்தையில்லாத மனைவியர், அதே வயதுள்ள மணமாகாத பெண்களைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகத் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று அவரே எழுதுகிறார். திருமணம் ஆணைக் காக்கும் அளவுக்குப் பெண்ணைக் காப்பதில்லை என்று அவருடைய எண்கள் காட்டுகின்றன. ஆனால் விளக்கம் என்று வரும்போது, பெண்ணின் மனவாழ்க்கை ஆணுடையதைப் போல வளர்ச்சி பெற்றதல்ல, அதனால் அவளுக்குத் திருமணம் என்ற கட்டுப்பாடு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்று போய்விடுகிறார். தனிமனித மனத்தைக் கொண்டு எதையும் விளக்காதே, சமூகத்தைக் கொண்டு விளக்கு என்பது அவர் வகுத்த முறை. பெண் வந்ததும் அந்த முறையை அவரே கைவிட்டார். ஒவ்வொரு திருமணத்துக்குள்ளும் அவனுடைய திருமணம், அவளுடைய திருமணம் என்று இரண்டு இருக்கின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஜெஸ்ஸி பெர்னார்ட் 1972இல் எழுதினார். டர்க்ஹைமின் அட்டவணைகளில் அந்த இரண்டும் முக்கால் நூற்றாண்டாகத் தனித்தனிப் பத்திகளில் கிடந்தன.

எங்கள் குறிப்பில் பிறர்நலத் தற்கொலைக்கு எடுத்துக்காட்டு ‘சதி’. இதை முதலில் வாசித்தபோது எனக்கு எதுவும் உறுத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டர்க்ஹைமும் கணவன் இறந்தால் மனைவி இறப்பதை இந்த வகையில்தான் வைக்கிறார். அவர் சொன்னது ‘நல்ல எண்ணத்தோடு சாவது’ என்ற பொருளில் அல்ல. சமூகம் ஒருவரைத் தன்னுள் முழுதாக விழுங்கிக்கொண்டு, சாவதைக் கடமையாக்குகிற நிலையை. தமிழில் அது ‘பிறர்நலம்’ ஆனதும் வேறொரு வாடை சேர்ந்துவிட்டது. நலம் என்பது நல்ல சொல். சிதையில் ஏற்றப்பட்டவளின் சாவால் யாருக்கு என்ன நலம் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தால் அந்தச் சொல்லை இட்டிருக்க மாட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் உண்டு. டர்க்ஹைமின் நூல் வந்து 19 ஆண்டு கழித்து, 1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை படித்தார். தலைப்பு ‘இந்தியாவில் சாதிகள்’. படித்தவர் அம்பேத்கர். எங்கள் குறிப்பில் ‘அகமணம்: தன் குழுவுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் முறை’ என்று ஒரு வரி இருந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி. அம்பேத்கர் அந்த ஒரு வரியைப் பிரித்துக் காட்டினார். சாதியின் சாரமே அகமணம்தான். ஒரு குழு தனக்குள்ளேயே மணந்துகொள்ள வேண்டுமென்றால் மணவயதில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாக இருந்தாக வேண்டும். ஆனால் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் சாவதில்லை. கணவன் செத்தால் ஒரு பெண் ‘உபரி’ ஆகிறாள். அவள் குழுவுக்கு வெளியே மணந்தால் வேலி உடையும். உள்ளே மணந்தால் இன்னொரு பெண்ணுக்கு உரிய ஆணை எடுத்துக்கொள்கிறாள். ஆகவே அவளை எரித்துவிடுவது, அல்லது ஆயுள்முழுதும் விதவையாக வைத்திருப்பது. மனைவியை இழந்த ஆணோ குழுவுக்கு மதிப்புள்ளவன், அவனை எரிக்கவும் முடியாது, துறவியாக்குவதும் சரிவராது. ஆகவே இன்னும் மணவயது வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவைப்பது. சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் என்று தனித்தனிக் ‘கொடுமைகளாக’ நாம் பட்டியலிட்டுப் படித்த மூன்றும் ஒரே வேலைக்கான மூன்று கருவிகள் என்று அவர் நிறுவினார்.

இதைப் படித்த பிறகு சதியைப் பிறர்நலம் என்று யாரால் எழுத முடியும்? 1829இல் சட்டம் போட்டுத் தடுக்கப்பட்ட வழக்கம், 1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் மறுபடி நடந்தபோது, கூட்டம் கூட்டமாகப் போய்க் கும்பிட்டவர்கள் அதைத் தியாகம் என்றுதான் சொன்னார்கள். பாடக் குறிப்பும் அந்தக் கூட்டமும் ஒரே சொல்லின் பக்கத்தில் நிற்பது எனக்கு அச்சமாக இருக்கிறது. எங்கள் குறிப்பின் ‘சமூகவியலின் தந்தையர்’ பகுதியில் கோம்த், ஸ்பென்சர், மார்க்ஸ், டர்க்ஹைம், வெபர் ஆகியோரின் படங்கள் இருந்தன. அம்பேத்கர் அங்கே இல்லை. அவர் பெயர் ‘சமூகச் சீர்திருத்தம்’ என்ற அலகில் அரசியல் சட்டத்தோடு வந்தது. அவரைப் பெண்ணியச் சிந்தனையின் முதன்மை நூலாசிரியர்களில் ஒருவராக வாசிக்க வேண்டும் என்று வாதிட்டு, ஷர்மிளா ரெகே 2013இல் அவருடைய எழுத்துகளைத் தொகுத்துத் தந்தார். அது எங்கள் வகுப்பறையை எட்டவில்லை.

தந்தையர் பட்டியலில் இன்னொருவரும் விடுபட்டிருந்தார். ஹேரியட் மார்ட்டினோ, இங்கிலாந்துக்காரர், காது கேளாதவர். அமெரிக்காவில் பயணம் செய்து அந்தச் சமூகத்தைப் பற்றி 1837இல் நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, ஒரு சமூகத்தின் வழக்கங்களை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று முறையியல் நூலும் தந்தார். ‘சமூகவியல்’ என்ற பெயரை நிலைநிறுத்திய கோம்தின் பெரும் தொகுதிகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் 1853இல் தந்தவரும் அவரே. அந்தச் சுருக்கம் கோம்துக்கே பிடித்திருந்தது. பின்னாளில் அது பிரெஞ்சுக்கே திருப்பி மொழிபெயர்க்கப்பட்டது. மகளிரைப் பாடநூல்கள் சேர்க்கும்போது பெரும்பாலும் ‘மொழிபெயர்த்தவர்’ என்றுதான் சேர்க்கின்றன. மார்ட்டினோ மொழிபெயர்ப்பதற்கு முன்பே சமூகவியல் செய்துகொண்டிருந்தார்.

இனி குடும்பம். ‘குடும்பத்தின் செயல்பாடுகளை விளக்குக’ என்பது எங்கள் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. செயல்பாட்டுக் கோட்பாடு, சமூகத்தை ஓர் உடலாகவும் நிறுவனங்களை உறுப்புகளாகவும் பார்க்கிறது. ஒவ்வொரு உறுப்பும் முழு உடலுக்காக ஏதோ ஒன்றைச் செய்கிறது. ஜார்ஜ் மர்டாக் 1949இல் 250 சமூகங்களை ஒப்பிட்டு, குடும்பத்துக்குப் பாலியல், பொருளாதாரம், இனப்பெருக்கம், கல்வி என நான்கு செயல்பாடுகள் உண்டு என்றார். டால்காட் பார்சன்ஸ் 1950களில் இரண்டாகச் சுருக்கினார்: குழந்தைகளைச் சமூகத்துக்கு ஏற்றவர்களாக்குவது, வளர்ந்தவர்களின் மனத்தைச் சமநிலையில் வைத்திருப்பது. இதற்காக ஆண் வெளியுலகச் செயல் சார்ந்த பங்கையும் பெண் உணர்வு சார்ந்த பங்கையும் ஏற்கிறார்கள். நாளெல்லாம் உழைத்துக் களைத்து வருகிற ஆணுக்குக் குடும்பம் வெந்நீர்க் குளியல் போல இதமளிக்கிறது என்று இந்தக் கோட்பாட்டைப் பாடநூல்கள் விளக்கும். 

வெந்நீர் போடுவது யார் என்று பாடநூல் சொல்லாது. ‘குடும்பம் சமைக்கிறது, குடும்பம் பராமரிக்கிறது, குடும்பம் கற்பிக்கிறது’ என்று குடும்பத்தை எழுவாயாக்கி வாக்கியம் அமைத்துவிட்டால், செய்கிறவள் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறாள். தமிழாசிரியர் என்ற முறையில் எனக்கு இதில் முதலில் கண்ணில் படுவது இலக்கணம்தான். எழுவாயை மாற்றி எழுதச் சொல்லி மாணவிகளிடம் ஒருமுறை பயிற்சியாகக் கொடுத்தேன். குடும்பம் வருகிற இடத்தில் எல்லாம் உண்மையில் அதைச் செய்கிற ஆளின் உறவுப் பெயரைப் போடுங்கள் என்றேன். பத்து வாக்கியத்தில் எட்டில் ‘அம்மா’ வந்தது. சிலருக்கு ‘பாட்டி’, சிலருக்கு ‘நான்’. ‘நான்’ என்று எழுதிய பெண்கள் கொஞ்சம் நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆன் ஓக்லி 1974இல் வெளியிட்ட நூலுக்காக லண்டனில் 40 இல்லத்தரசிகளைச் சந்தித்து, வீட்டுவேலையை ஆலை வேலையைப் போலவே ஓர் உழைப்பாக ஆராய்ந்தார். அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் உழைத்தார்கள். நம் நாட்டில் 2019இல் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடுவதாகச் சொன்ன ஆண்களே நான்கில் ஒருவர் அளவுதான். அப்படியிருந்தும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை மட்டும் செய்பவர் ‘உழைக்காதவர்’. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் எங்கள் மாணவிகள் ‘இல்லத்தரசி’ என்று எழுதுகிறார்கள். வாயால் கேட்டால் “சும்மாதாம்மா இருக்காங்க” என்கிறார்கள். தமிழக அரசு 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு ‘உதவித் தொகை’ என்று பெயரிடாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. தொகை சிறிதுதான். ஆனால் ‘சும்மா’ என்ற சொல்லுக்கு எதிராக அரசாணையில் ஒரு சொல் வந்திருப்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

‘பங்கு’ என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். ஒரு தகுதிநிலையில் இருப்பவரிடம் சமூகம் எதிர்பார்க்கும் நடத்தைதான் பங்கு என்பது பாடநூல் வரையறை. நாடக மேடையிலிருந்து வந்த கருத்து. சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்று நிலைகள்தாம். யார், எப்போது, யாரிடம் பேசலாம் என்பதற்கு இலக்கணம் உண்டு. தோழிக்குப் பேச எத்தனையோ இடம். பெற்ற தாய் பேசுவது பெரும்பாலும் மகள் வீட்டைவிட்டுப் போன பிறகு. பங்கு என்பது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை, எப்போது வாய் திறக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது என்று எனக்குக் கற்றுத் தந்தவை அகப்பாடல்கள். பாடநூல் இந்த அதிகாரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ‘பங்கு முரண்’ என்ற தலைப்பு வந்ததும் வேலைக்குப் போகும் பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்து நிறுத்திவிடும். வேலைக்குப் போகும் தகப்பனுக்கு முரண் வராதது ஏன் என்று கேட்காது.

தமிழில் பங்கு என்றால் சொத்தில் வரும் பாகமும்தான். ‘குடும்பத்தில் பெண்ணின் பங்கு’ என்று தலைப்புக் கொடுத்தால் மாணவிகள் நான்கு பக்கம் எழுதுவார்கள்: பொறுமை, தியாகம், விளக்கேற்றுதல். அதே தலைப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பால் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டத் திருத்தம் செய்தது. அதற்கு முன்பே மணமானவர்களை அது விலக்கிவைத்தது. 2005இல் இந்தியா முழுமைக்குமான திருத்தம் வந்தது. இருந்தும் எங்கள் ஊர்ப்பக்கம் அப்பா காலமானதும் அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் அந்த ஆவணத்துக்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். பொறுமை என்ற பங்கைச் சிறுவயதிலிருந்தே நன்றாகக் கற்றவள், சொத்தில் உள்ள பங்கை விடுவிக்கும்போது முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுகிறாள். ‘சமூகமயமாதல்’ என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கடைசி அலகு சமூக மாற்றம். அதில் எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகர்களைப் பற்றிய நூலில் முன்வைத்த சமஸ்கிருதமயமாக்கம் வரும். தமிழில் ‘மேல்நிலையாக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்ட ஒரு சாதி, மேலே உள்ள சாதியின் சடங்குகளையும் வழக்கங்களையும் கைக்கொண்டு தன் நிலையை உயர்த்திக்கொள்ள முயல்வது. பாடநூல் இதை ‘மேல்நோக்கிய இயக்கம்’ என்ற தலைப்பில் வைக்கிறது. தமிழ்ச் சாதிகள் பலவற்றில் ‘அறுத்துக் கட்டுதல்’ என்றொரு வழக்கம் இருந்தது. கணவனை இழந்தவளோ, சேர்ந்து வாழ முடியாதவளோ பழைய தாலியை அறுத்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஒரு சாதி ‘மேலே’ போக விரும்பியபோது முதலில் நிறுத்திய வழக்கங்களில் இது ஒன்று. “அறுத்துக் கட்டுற சாதி” என்பது வசைச்சொல் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போட்ட இடத்தில் பெண் வீட்டார் வரதட்சணை தரலானார்கள். காட்டு வேலைக்குப் போன பெண்கள் வீட்டோடு நிறுத்தப்பட்டார்கள். இந்தப் போக்கு பெண்கள்மீது கடுமையாக விழுகிறது என்பதைச் சீனிவாசும் கவனிக்காமல் இல்லை. ஆனால் பாடக் குறிப்புக்கு வரும்போது அது உதிர்ந்து, ‘மேல்’ என்ற முன்னொட்டு மட்டும் தங்கியது. ஒரு சாதி ஒரு படி ஏறியது என்று எழுதும்போது, அந்தப் படியைக் கட்ட எந்தப் பெண்ணின் மறுமணம் கல்லாகப் போனது என்றும் எழுத வேண்டும். அம்பேத்கர் சொன்ன உபரிப் பெண்ணை அங்கேயும் பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தப் பாடத்தையே தூக்கிப் போட்டுவிடலாமா என்று சில மாணவிகள் கேட்டிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சி. ரைட் மில்ஸ் 1959இல், தனிமனிதத் துன்பங்களுக்கும் பொதுப் பிரச்சினைகளுக்கும் உள்ள தொடர்பைக் காண்பதுதான் சமூகவியலின் வேலை என்றார். ஒரு நகரத்தில் ஒருவருக்கு வேலையில்லை என்றால் அது அவர் துன்பம். கோடிக்கணக்கானவருக்கு இல்லையென்றால் காரணத்தை அவர்களுடைய குணத்தில் தேட முடியாது. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,179 பேர் இல்லத்தரசிகள். பாதிக்கும் மேல். இத்தனை பேருக்கும் தனித்தனியாகத் தலைவிதி சரியில்லை என்று சொல்ல முடியாது. இந்த எண்ணை எண்ணாகப் பார்க்கவும், அதன் பின்னால் உள்ள விதிகளைத் தேடவும் எனக்குக் கற்றுத் தந்ததும் அந்த மங்கிய நாற்பது பக்கம் தொடங்கிவைத்த பாடம்தான். பெண்ணுக்கு வந்தபோது டர்க்ஹைம் கைவிட்ட முறையை நாம் கைவிட வேண்டியதில்லை. அவரைவிட உறுதியாக அதைப் பின்பற்றலாம்.

என் மாணவியும் அதைத்தான் செய்தாள் என்று இப்போது புரிகிறது. வீட்டில் நடந்த ஒரு சாவைத் துக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், வகுப்பில் கற்ற கருத்தாக்கத்தோடு பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை என்று கண்டதும் கேட்டாள். கோட்பாடு உருவாகும் இடம் அதுதான். கனடாவில் பணியாற்றிய டோரதி ஸ்மித், பெண்கள் தங்கள் அன்றாட வாழ்விலிருந்து சமூகவியலைத் தொடங்க வேண்டும் என்று பல நூல்களில் எழுதினார். தற்காலிகமாக நடத்தப்பட்ட ஒரு துணைப்பாட வகுப்பின் மூன்றாவது வரிசையில் அது தானாகவே தொடங்கியது. அங்கே சமூகவியல் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அடுத்த ஆண்டுக்காக அந்தக் குறிப்பை நான் புதிதாகத் தட்டச்சு செய்தேன். பிறர்நலத் தற்கொலைக்குக் கீழே இருந்த சதியை எடுத்து அகமணத்துக்குக் கீழே, அம்பேத்கரின் விளக்கத்தோடு சேர்த்தேன். ‘மூன்று வகை’ என்பதை ‘நான்கு வகை’ என்று திருத்தினேன். இதை எழுதினால் மதிப்பெண் வருமா என்று மாணவிகள் கேட்டார்கள். விடைத்தாள் திருத்துபவருக்கு மூன்று மட்டும் தெரிந்திருக்கலாம், இருந்தாலும் நான்கையும் எழுதுங்கள் என்றேன். நியாயமான கேள்விதான் அது. அவர்களுக்கு மதிப்பெண் வேண்டும், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசக் காத்திருக்கும் வீடுகள் அவர்களுடையவை.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவள் கையில் போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். நீ கேட்டது பாடத்தில் இருந்ததம்மா. நான்காவது வகை. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.